கைக்கடங்கிய கலம்

ஆசிரியத் தொழிலிலிருந்து இளைப்பாறிய ஒருவன் தன் எஞ்சிய நாட்களை எவ்வாறு கழித்தல் வேண்டும் என்பது பற்றி எம்மவரிடையே எழுதாச் சட்டமொன்று உண்டு. கோயிற் பரிபாலன சபையிலே சேரலாம்; சனசமூக நிலையத்தில் அமர்ந்து பத்திரிகை படிக்கலாம்; பேரப்பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கலாம்; வளவிலே தென்னம்பிள்ளை நட்டுத் தண்ணீர் ஊற்றலாம். மோட்டார் வள்ளம் வாங்குதல் இவ்வட்டவணையில் இல்லை. ஆகவே, 60 வயதிலே உபகாரச் சம்பளம் பெற்று, 66ஆம் வயதிலே வள்ளம் தேடிப் புறப்பட்ட என்னை நண்பர்கள் ஒரு மாதிரியாக நோக்கியதில் வியப்பில்லை. மீன் பிடிக்கவா என்றனர், இல்லை என்றேன். வெளிநாட்டாரை ஏற்றிப் பணம் உழைக்கவா என்றனர். அதுவும் இல்லை என்றேன். பின் எதற்கு என்ற கேள்விக்கு, நீரிலே போய்வர என்பதைத் தவிர வேறு விடை என்னிடம் இருக்கவில்லை.

மட்டக்களப்பு வாவியின் கரையிலே பிறந்தவன் நான். வடக்குத் தெற்காக ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் இந்நீர்ப்பரப்பு எமது நாட்டை இரு கூறாக்குகின்றது. ஞாயிறு எழும் பக்கம் எழுவான்கரை. படும் பக்கம் படுவான்கரை. என் உத்தியோகத்தின் முதற் பத்தாண்டுகள் படுவான்கரைப் பாடசாலையொன்றிலே கழிந்தன. மண்முனைத் துறையிலே 'பாதை' ஏறிப் போவேன். மாலையிலே அதே பாதையில் மீள்வேன். பாதை என்று எம்மூரார் இங்கு சொல்வது தெருவையன்று. ஆட்களையும் துவிச்சக்கர வண்டிகளையும் நெல்மூடைகளையும் சுமந்துகொண்டு கரைக்குக் கரை செல்லும் மிதவையை. 2014இலே மண்முனையிற் பாலம் திறக்கப்பட்ட பின் அத்துறையிலே அதற்கு வேலையில்லாது போயிற்று. அவ்வளவு காலமும் நான் நீரைக் கடந்தேனேயன்றி நீரிலே போகவில்லை. பயணி என்பவன் கரையைப் பார்த்து நிற்பவன். போர்க்காலத்திலோ, 2009 வரை, இயந்திரங்களின் வலுவுக்கும் நீரில் இறங்கும் நேரத்துக்கும் கட்டுப்பாடுகள் இருந்தன. நிலாக்கால இரவிலே தோணியிற் போய்வந்த தலைமுறைக்கும் அதன் பிள்ளைகளுக்கும் நடுவே ஒரு தலைமுறை கரையிலேயே நின்றுவிட்டது. அந்த நடுத் தலைமுறையைச் சேர்ந்தவன் நான். சுக்கானின் பிடி ஒருநாளாவது என் கையில் இருத்தல் வேண்டும் என்ற ஆசை இவ்வாறு பழையது.

தமிழாசிரியன் எப்பொருளையும் கடையிலே தேடுமுன் அகராதியிலே தேடுவான். வங்கம், நாவாய், அம்பி, ஓடம், தோணி, பஃறி, திமில், புணை, தெப்பம் என நீரிற் செல்வனவற்றுக்கு எத்தனையோ பெயர்கள் எம்மொழியில் உள. பெருங்கடல் கடப்பது, ஆறு கடப்பது, மீன் வேட்டைக்குப் போவது என்று அவற்றிடையே வேறுபாடும் உண்டு. ஆனால், வயது போன ஒருவன் துணையின்றித் தானே நீரிலிறக்கி, தானே செலுத்தி, தானே மீண்டும் கரைசேர்க்கத்தக்க கலத்துக்கெனத் தனிப்பெயர் எதனையும் நான் காணவில்லை. கைக்கடங்கிய கலம் என்று நானே ஒரு பெயர் வைத்துக்கொண்டேன். பெயர் கிடைத்தபின் பொருளைத் தேடுதல் சற்று இலகுவாயிற்று. ஏனெனில், பார்க்கும் ஒவ்வொரு வள்ளத்திடமும் 'நீ என் கைக்கு அடங்குவாயா?' என்ற ஒரே கேள்வியைக் கேட்டாற் போதுமாயிருந்தது.

முதலிலே கிடைத்த ஆலோசனைகள் எல்லாம் பெரிது பெரிது என்பனவாகவே இருந்தன. எமது கரையிலே கண்ணாடி நாரிழையாற் செய்த, எல்லாரும் பைபர் வள்ளம் என்றழைக்கும் 18, 19 அடி வள்ளங்கள் மலிவாகக் கிடைக்கும். பின்புறத்திலே 15 அல்லது 25 குதிரைவலு இயந்திரமொன்றைப் பூட்டிவிட்டால் கடலுக்கே போகலாம். பெரிய வள்ளம் ஆடாது, பாதுகாப்பானது என்பது அவர்கள் வாதம். கடலைப் பொறுத்தமட்டில் அவ்வாதம் சரியே. ஆனால் நான் பாலமீன்மடு முகத்துவாரத்தைத் தாண்டிப் போவதில்லை என்று ஆரம்பத்திலேயே முடிவு செய்திருந்தேன். முகத்துவாரத்து மணற்றிட்டு இன்றிருந்தவாறு நாளை இராது. அதன் போக்கறிந்து ஓடுதல் அத்தொழிலிலேயே வளர்ந்தவர்க்குரிய வித்தை. வாவிக்குள்ளேயோ நிலைமை வேறு. 'மட்டமான களப்பு' என்பதே மட்டக்களப்பு ஆயிற்று என்று பொருள் சொல்வோர் உளர். சொல்லாராய்ச்சி எவ்வாறாயினும், படகு வாங்குபவனுக்கு அப்பொருள் மிகப் பயனுடையது. பல இடங்களில் நீர் ஆளுயரத்தை எட்டாது. சில இடங்களில் முழங்காலளவே நிற்கும். ஆழ அமிழும் அடிப்பாகமுடைய வள்ளம் இங்கு சேற்றைத்தான் உழும்.

என்னுடன் ஒரே பாடசாலையிற் கற்பித்த பௌதிகவியல் ஆசிரியர் ஒருவர் இவ்விடத்திலே எனக்குத் துணைக்கு வந்தார். வில்லியம் புரூட் என்னும் ஆங்கிலப் பொறியியலாளர் 19ஆம் நூற்றாண்டிலே சிறு மாதிரிக் கப்பல்களைத் தொட்டியில் இழுத்துப் பார்த்து, கலம் தானெழுப்பும் அலையிலேயே தான் சிறைப்படுகிறது என்பதைத் தெளிவாக்கினார். வேகம் கூடக்கூட முன்னணியத்து அலையின் நீளமும் கூடும். அது கலத்தின் நீளத்தை எட்டியதும் கலம் தன் அலையின் பள்ளத்திலே குந்திவிடும். அதற்குமேல் வேகம் பெறவேண்டுமாயின் நீரின்மேல் எழும்பிச் சறுக்குமளவு பெருவலு வேண்டும். நீர்மட்டத்து நீளத்தை அடியில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.34ஆற் பெருக்கினால் அவ்வெல்லை நொட் கணக்கிலே வரும். நண்பர் கடித உறையொன்றின் பின்புறத்திலே கணக்கைப் போட்டுக் காட்டினார். 14 அடிக்கு 5 நொட். 20 அடிக்கு 6 நொட். ஆறடி கூடுதலான வள்ளத்துக்கும், அதனை இழுத்தேற்றும் ஆட்களுக்கும், அதன் இயந்திரத்துக்கும் செலவிட்டு நான் பெறப்போவது மணிக்கு ஒரு நொட், அதாவது இரண்டு கிலோமீற்றருக்கும் குறைவு. அவசரமெல்லாம் மணியடிக்கும் காலத்தோடு முடிந்துவிட்ட எனக்கு மணிக்கு 9 கிலோமீற்றர் தாராளம். அன்றே 14 அடி என்பது முடிவாயிற்று.

இயந்திரத்தின் கதை தனிக்கதை. வள்ளத்தின் பின்புறத்திலே மாட்டிக் கழற்றும் இயந்திரத்தைச் சந்தைக்குக் கொணர்ந்து புகழ்பெற்றவர் ஓலே எவின்றூட் என்பவர். நோர்வேயிலே பிறந்து, சிறுவனாய் இருக்கையிலே குடும்பத்தோடு அமெரிக்காவுக்குப் போனவர். விஸ்கொன்சினிலே ஏரிக்கரை விருந்தொன்றின்போது, தாம் விரும்பிய பெஸ் என்னும் பெண் ஐஸ்கிறீம் கேட்டாளென்று அக்கரைக்குத் துடுப்புப் போட்டுப் போய் வாங்கிவந்தார் என்றும், வருமுன் அது வெயிலில் உருகிவிட்டது என்றும், அன்று பிறந்த எண்ணமே இவ்வியந்திரம் என்றும் சொல்வர். கதையில் மெய் எவ்வளவென்பது ஒருபுறமிருக்க, 1909இலே அவர் விற்கத் தொடங்கிய இயந்திரம் ஒன்றரைக் குதிரைவலுவினது. நிறை 62 இறாத்தல். அவருக்கு முன்னரே கமரன் வாட்டர்மன் என்பவர் இத்தகைய இயந்திரம் செய்திருந்தார் என்பதையும் நீதி கருதிச் சொல்லவேண்டும். எனக்குப் பிடித்த பகுதி பின்னால் வருவது. பெஸ்ஸை மணந்த எவின்றூட், அவரது உடல்நலக் குறைவு காரணமாகத் தொழிலை விட்டு விலகியிருந்தார். பின் 1920களின் தொடக்கத்திலே அலுமினியத்தைப் பயன்படுத்தி, மூன்று குதிரைவலுவும் 50 இறாத்தலுக்குக் குறைந்த நிறையுமுடைய புதிய இயந்திரத்தோடு மீண்டார். வலு இருமடங்கு, நிறையோ முன்னதிலும் குறைவு! அவர் பெயர் தாங்கிய இயந்திரங்களின் உற்பத்தி 2020இலே நிறுத்தப்பட்டுவிட்டது. ஆனால், இயந்திரத்தைத் தூக்குபவனும் ஒரு மனிதன் என்பதை எண்ணிப் பார்த்த அந்த இரண்டாவது முயற்சிக்காக என்போன்ற வயோதிபர் அவருக்கு நன்றி சொல்லலாம்.

ஏனெனில், கடைக்காரர் சொல்லும் குதிரைவலு இயந்திரத்தினது. வாங்குபவன் அறியவேண்டியதோ தன் தோள்வலு. இதனை நான் வலியுறுத்திச் சொல்ல விரும்புகிறேன். 15 குதிரைவலு நாலடிப்பு இயந்திரம் ஏறத்தாழ 50 கிலோ. அதாவது ஒரு சீமெந்துப் பை. 25 வலுவுடைய ஈரடிப்பு இயந்திரமும் ஏறக்குறைய அவ்வளவே. 5 அல்லது 6 வலுவுடைய நாலடிப்பு இயந்திரம் 25 முதல் 27 கிலோ, அரைப்பை சீமெந்து. ஈரடிப்பு இயந்திரம் இலேசானது, பாகங்கள் குறைந்தது, எந்தத் தெருவோரத் திருத்துநரும் கழற்றிப் பூட்டத் தக்கது; ஆனால் எண்ணெயைப் பெற்றோலோடு கலந்து எரிக்கும்; புகையும் இரைச்சலும் கூட. நாலடிப்பு இயந்திரம் அதே வலுவுக்குச் சற்றுப் பாரமானது. ஆயினும் அமைதியானது, எரிபொருளிற் சிக்கனமானது. இளைஞனுக்கு முன்னது, எனக்குப் பின்னது. கடையிலே ஒவ்வோர் இயந்திரத்தையும் தாங்கியிலிருந்து இறக்கி, முப்பது அடி தூரம் நடந்து, மீண்டும் தாங்கியில் மாட்டிப் பார்த்தேன். கடைச் சிப்பந்தி உதவிக்கு ஓடிவந்தான், வேண்டாமென்று விலக்கினேன். வாவிக் கரையிலே அவன் வரப்போவதில்லையன்றோ? எட்டு வலு இயந்திரத்தோடு பதினைந்தாவது அடியிலே மூச்சு வாங்கிற்று. ஐந்து வலுவோடு முப்பதும் நடந்து, அதன்பின் பேசவும் முடிந்தது. உயிர்ப்பிக்கும் கயிற்றை இழுத்துப் பார்த்தபோதும் அதே தீர்ப்பு. என் இடத் தோள் பல வருடங்களாக மழைக்கு முன்னர் எனக்கு அறிவித்தல் தரும் தோள். அது மிக மோசமாயிருக்கும் நாளிலும் வலக்கை தனித்து இழுத்து இயக்கத்தக்கதாய் இருத்தல் வேண்டும். நல்ல நாளின் வலுவைக் கொண்டு வாங்கிய பொருள் கெட்ட நாளிலே எசமானாகிவிடும்.

வள்ளம் தேடும் படலத்திலே என்னிடம் பத்தாம் வகுப்பிலே தமிழ் படித்த ஒருவர் வழிகாட்டியானார். இன்று அவர் வள்ளங்கள் திருத்துகிறார். பிழையின்றி எழுதவும் செய்கிறார் என்பது என் மகிழ்ச்சி. அவரது கொட்டிலிலே விற்பனைக்குக் கிடந்த வள்ளங்களை ஒவ்வொன்றாகக் காட்டிவிட்டு, "சேர், பார்க்க எல்லாம் வடிவாத்தான் இருக்கும். தண்ணிக்குள்ள விழுந்தா ஏறேலுமா எண்டு முதல்ல பாருங்க" என்றார். நான் கற்பித்த எந்தப் பாடத்திலும் இவ்வளவு சுருக்கமாக உண்மை சொல்லப்பட்டதில்லை. மறுநாட் காலை மார்பளவு நீரிலே பரீட்சை நடந்தது. பரீட்சார்த்தி நான், பார்வையாளர் கரையோரத்துச் சிறுவர் பன்னிருவர். 19 அடி வள்ளத்தின் விளிம்பிலே கைகளை ஊன்றி எழும்ப முயன்றேன். தலைகீழாக அல்லாமல் நேராகத் தொங்கும் வௌவால் ஒன்று உண்டாயின் அதனைப் போல் சிறிது நேரம் தொங்கினேன். அடுத்து ஒடுங்கிய தோணி. பாரம் விளிம்பிலே பட்டதும் அது என்மீது கவிழ்ந்து அன்பு காட்டிற்று. சிறுவர் ஆரவாரத்துக்குக் குறைவில்லை. மூன்றாவது, அகலமான பின்புறமும் தட்டையான அடியும் கொண்ட 14 அடி வள்ளம். அதற்கு ஏணி இருக்கவில்லை. ஆனால் ஒருபுறம் சாய்ந்து கொடுத்ததேயன்றிக் கவிழவில்லை. பின்னர், துருப்பிடியா உருக்குக் குழாயால் இரு படிகள் நீருக்குள்ளே இறங்கும்படி சிற்றேணி ஒன்றை ஒட்டுவேலைக்காரரைக் கொண்டு செய்வித்தோம். கீழ்ப்படி நீர்மட்டத்துக்கு ஒன்றரை அடி கீழே. ஈர உடையோடு, உயிர்காப்பு அங்கி அணிந்தபடி, ஒருவர் உதவியுமின்றி ஏறினேன். இம்முறை சிறுவர் ஆரவாரிக்கவில்லை. வேடிக்கை முடிந்துவிட்டதென்று போய்விட்டனர்.

வீட்டிலே நடந்த பரீட்சை இதனிலுங் கடினமானது. 2004 மார்கழி 26ஆந் திகதி கடலின் செய்கையைக் கண்ட எவரிடமும் நீரைப் பற்றி எளிதாகப் பேசிவிட முடியாது. என் மனைவி அதற்குப்பின் பல ஆண்டுகள் கல்லடிக் கடற்கரைப் பக்கம் திரும்பியதில்லை. வாவி வேறு, கடல் வேறு என்று நான் எடுத்துரைத்த நியாயங்களை அவர் மறுக்கவுமில்லை, ஏற்கவுமில்லை. மூன்று நாட்களின் பின், "போறதெண்டா நானும் ஏறக்கூடிய வள்ளமா வாங்குங்க. கரையில நிண்டு வழி பார்த்துக்கொண்டிருக்க என்னால ஏலாது" என்றார். இச்சொல் என் தேர்வையே மாற்றியது. அவருக்கு முழங்கால் நோவு. விளிம்பு தாழ்ந்திருக்கவேண்டும்; ஏறும்போது ஊன்றிப் பிடிக்க உறுதியான கம்பி வேண்டும்; நடு இருக்கைக்கு முதுகு சாய்ப்பு வேண்டும்; மேலே வெயிலுக்கு ஒரு சீலைப் பந்தல் வேண்டும். பந்தல் உயரமானால் காற்று அதனைப் பாயாக எண்ணிவிடும். ஆதலால் இருந்த நிலையிலே தலைக்கு மேல் ஒரு சாணும், வேண்டாதபோது மடக்கத்தக்கதுமாய் அமைத்தோம். ஒருவனுக்கென்று தொடங்கிய கலம் இருவருக்கென முடிந்தது. கைக்கடங்கிய என்பதிலே யாருடைய கை என்ற கேள்வி அதுவரை எனக்குத் தோன்றியிருக்கவில்லை.

ஒரு விடயத்தை இங்கு சொல்லாமற் போவது முறையன்று. இவ்வாவி என்போன்றவரின் பொழுதுபோக்குக்காகக் கிடக்கவில்லை. இரவு முழுதும் வலை விரித்தும் இறால் பிடித்தும் குடும்பம் காப்பவர்களின் வயல் அது. வயலுக்குக் குறுக்கே மாட்டுவண்டி ஓட்டுவாருண்டோ? இயந்திரத்தின் சுழலி ஒருமுறை வலையிலே சிக்கினால் ஒரு குடும்பத்தின் பல நாள் உழைப்பு கிழிந்துவிடும். பெருவலு இயந்திரத்தின் பின்னலை, தோணியின் விளிம்பிலே நின்று வலை வீசுபவரை நிலைகுலைக்கும். சிறிய இயந்திரத்தை நான் விரும்பியதற்கு இதுவும் ஒரு காரணம். மிதப்புக் கட்டைகள் தெரியும் இடத்திலே இயந்திரத்தை நிறுத்தி, நீரைவிட்டு மேலே சாய்த்து, துடுப்பைக் கையிலெடுப்பதே எமது வழக்கம். சிறிய இயந்திரங்கள் சிலவற்றிலே சுழலியைத் தண்டோடு பிணைக்கும் மெல்லிய ஊசி ஒன்றுண்டு; சுழலி கல்லிலோ கட்டையிலோ மோதினால் ஊசி முறிந்து இயந்திரத்தைக் காக்கும். இரண்டு மாற்றூசிகளும் ஒரு குறடும் என் பெட்டியிலே எப்போதும் உள. 2022ஐயும் நினைவுகூரல் வேண்டும். அவ்வாண்டிலே எரிபொருளுக்கு நாடே வரிசையில் நின்றது. கடற்றொழிலாளரின் இயந்திரங்களுக்கு உணவான மண்ணெண்ணெய் ஆவணி மாதத்திலே லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரே நாளில் ஏறிற்று. தொழிலுக்கே எண்ணெய் இல்லாத காலத்தில் இன்பத்துக்கு எண்ணெய் கேட்க எந்த இளைப்பாறிய ஆசிரியனுக்கும் நாவெழாது. முழுவேகத்திலே ஓடினாலும் ஐந்து வலு இயந்திரம் மணிக்கு ஏறக்குறைய இரண்டு லீற்றரே குடிக்கும். நாங்கள் போகும் மெல்லோட்டத்துக்கு அதிலும் குறைவு. எண்ணெய் அறவே இல்லாவிடின் துடுப்பு இருக்கிறது. துடுப்பால் நகர்த்த முடியாத வள்ளத்தை நான் வாங்கியிருக்கமாட்டேன்.

மின் இயந்திரம் வாங்கலாமே என்று கேட்ட இளைஞர்களுக்கும் விடை சொல்லக் கடமைப்பட்டுள்ளேன். ஆசை இல்லாமலில்லை. இரைச்சலில்லை, புகையில்லை, இழுக்கக் கயிறுமில்லை. ஆனால் 12 வோல்ற்றிலே இயங்கும் சிறிய மின் இயந்திரம் முழுவேகத்தில் 50 அம்பியர் அளவு மின்னோட்டம் கொள்ளும். 100 அம்பியர்மணி ஈயமின்கலத்தைப் பழுதின்றிப் பேணுவதாயின் பாதியளவே பயன்படுத்தல் நன்று. ஆக, ஒரு மணி நேர ஓட்டம். அம்மின்கலமோ 28 கிலோ அளவு நிறை. நான் பயந்து விலக்கிய பாரம் வேறு வழியால் வள்ளத்துக்குள் வந்துவிடுகிறது. இலிதிய மின்கலம் அதிற் பாதி நிறையுமில்லை. விலைதான் உபகாரச் சம்பளத்துக்கு மேற்பட்டது. விலை இறங்கட்டும், பார்ப்போம்.

அமைதியை விரும்புவதற்கு எமக்குப் பிறர்க்கில்லாத காரணமொன்றுண்டு. மீன்பாடும் தேன்நாடு என்று எம்மைச் சொல்வர். நிலாக்காலத்திலே, கல்லடிப் பாலத்தின் அருகே, துடுப்பின் அலகை நீரில் ஊன்றி மறுமுனையைக் காதிலே பொருத்தினால் அவ்வொலி கேட்கும் என்பது முன்னோர் வழக்கு. பாடுவது மீனா, ஊரியா, பாறையிடுக்கா என்பது பற்றி வாதங்கள் பல. 1924இலே கட்டப்பட்ட பழைய இரும்புப் பாலத்துக்குப் பக்கத்திலே 2013இல் புதிய பாலம் திறக்கப்பட்டபின் வாகன இரைச்சலும் அதிகம். இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் காதை வைத்துப் பலமுறை காத்திருந்தோம். ஓரிரவு தந்தியை மெல்லத் தடவினாற்போன்ற ஒலி கேட்டது. என் மனைவி அதனை மீன் என்றார். நான் துடுப்பின் அதிர்வாக இருக்கலாம் என்றேன். அதன்பின் அவ்விரவு வீடு சேரும்வரை எவரும் பேசவில்லை.

வாங்கும்போது பார்த்தவற்றுள் இரண்டொன்றை மட்டும் குறிக்கிறேன். பழைய பைபர் வள்ளத்தின் மேற்பூச்சு எவரையும் மயக்கும். விரல் மொட்டியால் அடிப்பாகம் முழுவதும் தட்டிக்கொண்டு போனால், நல்ல இடம் கணீரென்றும், உள்ளே நீர் ஊறிப் படை பிரிந்த இடம் மந்தமாகவும் ஒலிக்கும். பலாப்பழம் பார்ப்பவர் அறிந்த வித்தைதான். இயந்திரம் தாங்கும் பின்பலகையை அழுத்திப் பார்த்தல் அவசியம். அதனுள் மரம் உக்கியிருந்தால் ஒருநாள் இயந்திரம் தனியே குளிக்கப் போய்விடும். பழைய இயந்திரமாயின், குளிர்ந்திருக்கும் நிலையிலேயே இயக்கிப் பார்க்கவேண்டும். நாம் போகுமுன் விற்பவர் அதனைச் சூடாக்கி வைத்திருந்தால் வேறொரு நாள் வருவதாகச் சொல்லித் திரும்பிவிடலாம். இயங்கும்போது பின்புறத் துளையால் குளிர்நீர் அறாது பாய்கிறதா என்று பார்ப்பதும், இயந்திர இலக்கத்தைப் பத்திரத்தோடு ஒப்பிடுவதும் ஆசிரியரின் இயல்பான திருத்தற் புத்திக்கு உகந்தன. வாங்கியபின் பராமரிப்பு பெரிதன்று. உவர்நீரில் ஓடிய இயந்திரத்தை வீடு வந்ததும் பீப்பாய் நல்ல நீரிலே சில நிமிடம் ஓடவிடுகிறேன். அரிப்பைத் தானேற்கும் நாகத்துண்டு கரைந்து பாதியானதும் மாற்றிவிடுகிறேன்.

ஓட்டுபவன் தவறி நீரில் விழுந்தால், பிடியிழந்த வள்ளம் வட்டமிட்டு அவனிடமே திரும்பி வருவதுண்டு, அன்பினாலன்று, சுழலியோடு. அதற்காகவே இயந்திரத்தையும் ஓட்டுநரையும் இணைக்கும் நிறுத்துகயிறு உண்டு. ஆள் விழுந்ததும் கயிறு கழன்று இயந்திரம் நின்றுவிடும். இதனை மணிக்கட்டிலே கட்டாமல் நான் இயந்திரத்தைத் தொடுவதில்லை. காற்றுக்கும் கணக்குண்டு. வைகாசி முதல் ஆவணி வரை கச்சான் வீசும் நாட்களிலே பகல் ஏறுமுன் கரையேறிவிடுவோம். ஆழமற்ற நீரிலே அலை குட்டையாயும் செங்குத்தாயும் எழும். (நிலக்கடலையையும் நாம் கச்சான் என்கிறோம், அது வேறு கச்சான், வள்ளத்திலே கொண்டுபோகத்தக்கது.) மாரி தொடங்கிவிட்டால் வள்ளம் கிடுகுக் கொட்டிலுக்குள் உருளைக் கட்டைகள் மேல் ஓய்வெடுக்கும். 1978 கார்த்திகை 23ஆந் திகதிச் சூறாவளியை இளைஞனாயிருந்து கண்டவன் நான். அம்மாதத்திலே வாவியோடு விளையாட எனக்கு மனம் வராது. வெள்ளத்தோடு ஆற்றுவாழையும் மரக்கட்டைகளும் மிதந்துவரும் காலமும் அதுவே.

தைப்பொங்கலுக்குப்பின், நீர் தெளிந்ததும், மீண்டும் இறக்குவோம். காலை ஆறு மணிக்கு எழுவான்கரையை விட்டால், வெயில் ஏறுமுன் படுவான்கரைக் கண்டற் காட்டோரம் போய், கொண்டுபோன தேநீரைக் குடித்துத் திரும்பலாம். நான் முன்பு கற்பித்த பாடசாலையின் ஓட்டுக் கூரை அங்கிருந்து தெரியும். சென்ற பங்குனியிலே ஒருநாள் என் தோள் அறிவித்தல் தந்தது. திரும்பும் வேளையிலே கயிற்றைத் தான் இழுத்துப் பார்ப்பதாக மனைவி சொன்னார். நிறுத்துகயிற்றைத் தன் வளையலுக்கு மேலே மாட்டிக்கொண்டு, ஒரு கையால் இருக்கையைப் பிடித்தபடி இழுத்தார். இரண்டாம் இழுப்பிலே இயந்திரம் இயங்கிற்று. சுக்கான் பிடியையும் அவரே வைத்துக்கொண்டு, மிதப்புக் கட்டைகளுக்கு வெளியே வளைத்து, கரைவரை கொண்டுவந்து சேர்த்தார். அன்று தொடக்கம் எங்கள் வள்ளத்திலே நான் துடுப்புக்காரன்.